வேதா மாதிரி கை

வேங்கிக்காலில் முழங்கை வரைக்கும் கை வைத்து ஜாக்கெட் தைக்கிற பழக்கத்தை யார் கொண்டுவந்தது என்று கேட்டால், எல்லாரும் டெய்லர் ராணியம்மாளைக் காட்டுவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்தவன் உரக்கடை சின்னசாமி. ஊசி நூல் எதையும் அவன் கையால் தொட்டதில்லை. அவனை மரியாதை போட்டுச் சொல்ல எனக்கு வாய் வராது, கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் பொன்னி. ராணியம்மாள் கடையில் கொக்கி வைப்பதும் ஹெம்மிங் செய்வதும் நான்தான். தொண்ணூறிலிருந்து அவள் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளைவிட நான் இரண்டு வயது இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன், வாடி போடி என்று அவள் என்னைப் பேசுவாள்.

அவளுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷன் வேறொருத்தியோடு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டான். அதற்காக அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது, கேட்டால் முறைப்பாள். எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் இந்தப் பக்கம் வரும், ஊர் பெரிசாகும் என்று பேச்சு கிளம்பியதும், பாதி முள்ளும் பாதி மனைக்கல்லுமாகக் கிடந்த தெருவில் ஓர் அறையைப் பிடித்து மிஷினைப் போட்டாள். அவள் போட்ட கணக்கு பொய்க்கவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் வீடுகள் வந்தன, வீடுகளோடு பெண்பிள்ளைகளும் ஜாக்கெட்டுகளும் வந்து சேர்ந்தன.

அவளுடைய அளவு நோட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொன்னதாகாது. கடை போட்ட புதிதில் ஒருத்தி தைத்து வாங்கிக்கொண்டு போய், நாலு மாதம் கழித்து வந்து, அளவைத் தப்பாக எடுத்துத் துணியைக் கெடுத்துவிட்டாய் என்று தெருவில் நின்று கத்தினாள். உண்மையில் அவள்தான் நாலு மாதத்தில் ஊதியிருந்தாள். அன்றோடு ராணியம்மாள் நீளமான ஒரு நோட்டு வாங்கி, ஓரத்தை வெட்டி அகரவரிசை போட்டாள். ஆளுக்கு ஒரு பக்கம். தேதி போட்டு அளவு எழுதுவாள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் கால் இஞ்ச் வித்தியாசம் இருந்தாலும் ஏன் என்று கேட்டு, வந்தவர்கள் சொல்கிற காரணத்தையும் பக்கத்திலேயே எழுதிவிடுவாள். 'மாசமா இருக்கா.' 'டைபாய்டு வந்து இளைச்சா.' 'மாமியார் ஊர்ல நல்ல சாப்பாடு.' அதற்கப்புறம் ஒருத்தியும் அவளிடம் சண்டைக்கு வரவில்லை. அந்த நோட்டை நான்கூடக் கைகழுவாமல் தொடக் கூடாது.

சின்னசாமி குடும்பம் தொண்ணூற்றொன்றில் எங்கள் தெருக்கோடியில் வீடு கட்டிக்கொண்டு வந்தது. அவன், பெண்டாட்டி வேதா, இரண்டு வயசு மகள் ஆர்த்தி, அவன் அம்மா காசியம்மாள். டவுனில் உரக்கடை. குடி கிடையாது, பீடி கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலைப் பக்கம் பந்தல் போட்டு, மலை சுற்றுகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றுவான். அந்த மோரை நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன். தங்கமான மனுஷன் என்று வாய் கூசாமல் சொல்லியும் இருக்கிறேன்.

என் வீட்டுக்காரன் இருந்தவரை குடித்துவிட்டு அடிப்பான். தெரு முழுக்கக் கேட்கும். பாத்திரம் வாசலில் வந்து விழும். அதனால் அடிபடுகிற வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ற திமிர் எனக்கு இருந்தது. சின்னசாமி வீட்டில் சத்தமே வந்ததில்லை. டீவி சத்தம்கூட அளவாகத்தான் வரும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வேதா முதலில் வந்தபோது கை நீளம் ஆறு இஞ்ச். தொண்ணூற்றுமூன்று சித்திரையில், ஊரே வெந்துகொண்டிருந்த வெயிலில் வந்து, பத்து இஞ்ச் வைக்கச் சொன்னாள். "இந்த வெக்கையிலயா?" என்று ராணியம்மாள் சிரித்தாள். கொசு கடிக்கிறது என்றாள் வேதா. அந்தக் காரணமும் நோட்டில் ஏறியது. நீளக் கை என்றால் முழங்கையில் சுருக்கம் விழும், மடக்கினால் பிடிக்கும். ராணியம்மாள் துணியை ஐமூலையில், கோணவாட்டில் சாய்த்துப் போட்டு வெட்டி, ஒரு சுருக்கமில்லாமல் கையோடு ஒட்டித் தைத்துக் கொடுத்தாள். வேதா நல்ல உயரம், மாநிறம். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனதைப் பார்த்துத் தெருவே மயங்கிவிட்டது. அடுத்த வாரம் மூன்று பேர் வந்து, "வேதா மாதிரி கை வை" என்றார்கள். அடுத்த மாதம் பத்துப் பேர். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார்கள், டவுனிலிருந்தும் வந்தார்கள். ராணியம்மாள் இன்னொரு மிஷின் வாங்கினாள். அந்தக் கையை நாங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம்.

நடுநடுவே வேதா அளவு கொடுக்க வருவாள். ஒரு தடவை இடது கைச் சுற்று முக்கால் இஞ்ச் ஜாஸ்தி இருந்தது. மாடு முட்டிவிட்டது என்றாள். கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோதாம். இன்னொரு தடவை கழுத்தை ஏற்றி வைக்கச் சொன்னாள். காசியம்மாளும் வருவாள். அந்தம்மாளுக்கு வலது கையைத் தூக்க வராமல் போய்விட்டது. 'கிணத்தடியில வழுக்கி. கைக்குழி லூசா வை' என்று அவள் பக்கத்தில் எழுதியிருக்கும். வயசானவள், விழுந்திருப்பாள் என்று நாங்கள் உச்சுக்கொட்டினோம். அந்த வீட்டில் கிணறே கிடையாது, போர் போட்ட குழாய்தான். அது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

காசியம்மாள் நோட்டில் கா-வில் இருந்தாள். வேதா வே-யில் இருந்தாள். நடுவில் இருநூறு பேர். ஒருத்தியின் பக்கத்தைத் திறக்கும்போது இன்னொருத்தி கண்ணில் படவே மாட்டாள்.

இரண்டாயிரத்தில் காசியம்மாள் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தாள். பாத்ரூமில் விழுந்தாள் என்றார்கள். அதற்கப்புறம் அவள் கடைக்கு வரவில்லை. அவள் பக்கம் அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாயிரத்திரண்டு ஆவணியில் ஆர்த்தி வயசுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டுக்குப் பட்டுப்பாவாடை, சட்டை தைக்க வேதா கூட்டிக்கொண்டு வந்தாள். பதிமூன்று வயசுப் பிள்ளைகள் அந்தச் சமயத்தில் கடைக்கு வந்தால் எங்கள் உயிரை எடுப்பார்கள். பஃப் கை வேண்டும், ஜரிகை வைக்க வேண்டும், முதுகில் கயிறு வேண்டும் என்று அம்மாவோடு மல்லுக்கு நிற்பார்கள். இந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ராணியம்மாள் டேப்பை எடுத்தாள். எடுத்ததுமே பிள்ளை இரண்டு தோளையும் காதுவரை தூக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. மூடிக்கொண்டே சொன்னது:

"பெரிம்மா, கை மட்டும் அம்மா மாதிரி வச்சிடுங்க."

ராணியம்மாள் பிள்ளையின் சட்டைக் கையை மெதுவாக மேலே தள்ளினாள். புஜத்தில் வரிசையாக நாலு விரல் பதிந்து கன்றிப்போயிருந்தது. அவள் கை தன் பாட்டுக்கு டேப்பை அதன் மேல் வைத்தது. பன்னிரண்டு வருஷமாக அளந்த கை, வேறென்ன செய்யும். மூன்றேகால் இஞ்ச். பிள்ளைகளோடு விளையாடும்போது பட்டது என்றாள் வேதா. 'விளையாடும்போது' என்று அதையும் ராணியம்மாள் எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை மூட அவளுக்கு வெகு நேரம் ஆனது.

மறுநாள் பதினொரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மிஷின் ஓடவில்லை. ராணியம்மாள் நோட்டை எடுத்து என் மடியில் வைத்து, ஒரு வெள்ளைத் தாளையும் கொடுத்து, "நான் சொல்றேன், நீ தேதிவாரியா எழுது" என்றாள். வேதா பக்கத்தைத் திறப்பாள், ஒன்று சொல்வாள். காசியம்மாள் பக்கத்தைத் திருப்புவாள். பள்ளிக்கூடச் சட்டைக்கு அளந்து வைத்த ஆர்த்தி பக்கத்துக்குப் போவாள். மறுபடி வேதாவுக்கு வருவாள். கொசு, மாடு, கிணற்றடி, கதவிடுக்கு, சூடான குழம்பு, சைக்கிள், பல்லி விழுந்தது என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். தாள் நிறைந்தபோது முப்பத்தொரு வரி இருந்தது. காசியம்மாளுக்குப் பதினொன்று, வேதாவுக்குப் பதினாறு, ஆர்த்திக்கு நாலு.

தனித்தனியாகப் பார்த்தபோது விழுந்த கிழவியும் மாடு முட்டிய மருமகளும்தான். ஒரே தாளில் பார்த்தபோதுதான் கணக்குப் புரிந்தது. இரண்டாயிரம் வரைக்கும் வேதாவுக்கு ஏழுதான். மாமியாருக்குத்தான் ஜாஸ்தி. அந்தம்மாள் படுக்கையில் விழுந்த பிறகு, இரண்டே வருஷத்தில் வேதாவுக்கு ஒன்பது. ஆர்த்தியின் முதல் வரி, மாமியாரின் கடைசி வரிக்கு மூன்று மாதம் தள்ளி இருந்தது.

"கிழவி குறுக்கே போய் வாங்கியிருக்காடி," என்றாள் ராணியம்மாள். "இப்ப அவ எழுந்திரிக்க முடியாது. அதனால இந்தப் பிள்ளை குறுக்கே போவுது."

எனக்கு அழுகையாக வந்தது. அவள் அழவில்லை. இது நம் கண்ணில் பட்டது மட்டும்தான், இவர்கள் தைக்க வராத மாதத்துக்கெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது என்றாள். கன்றியது மறையும் வரை வீட்டிலேயே இருந்துவிட்டு வந்த நாட்கள் எத்தனையோ. அப்புறம் தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி மூடிக் கொடுத்தது இந்தக் கைதான் என்று சொல்லி, அன்றைக்குச் சாப்பிடாமல் கிடந்தாள்.

சட்டை வாங்க வேதா வந்தபோது என்னை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு, தாளை அவள் கையில் கொடுத்தாள். வேதா பத்தாவது வரை படித்தவள். நின்றபடியே வாசித்தாள். கோபப்படுவாள், இல்லை என்பாள், தாளைக் கிழித்துப்போடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் விரலை வைத்து ஆர்த்தியின் வரிகளை மட்டும் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"ரெண்டுனு நெனச்சேங்க்கா," என்றாள். "என் புள்ள என்கிட்டயே ரெண்ட மறைச்சிருக்கு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராணியம்மாள் தண்ணீர் கொடுத்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றாள். போகலாம்தான் என்றாள் வேதா. ஆனால் தானும் போய்விட்டால் அந்த வீட்டில் மிச்சம் இருப்பது படுத்த படுக்கையாக அத்தை ஒருத்திதான். எனக்காக ஏழு வருஷம் வாங்கினவளை அவனிடம் விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்று கேட்டாள். கடைசியில் ஒன்று முடிவானது. எப்படியாவது ஆர்த்தியை வெளியே எடுத்துவிடுவது. சின்னசாமிக்குப் பெருமை என்றால் உயிர். வேலூர்ப் பக்கம் ஹாஸ்டலில் சேர்த்தால் பெண் டாக்டராகிவிடும் என்று வேதா மெல்ல மெல்ல அவன் காதில் ஓதினாள். அரைப் பரீட்சை லீவுக்குள் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விட்டது.

ஆனால் லீவுக்கு வீட்டுக்கு வரத்தானே வேண்டும். அதற்கு ராணியம்மாள் ஒரு வழி செய்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேராகக் கடைக்கு வா, வளர்கிற பிள்ளைக்கு அளவு மாறும், எடுத்து வைக்கிறேன் என்றாள். திரும்பிப் போகிற அன்றும் வா என்றாள். கை, கழுத்து, முதுகு எல்லாம் பார்ப்பாள். வந்த அளவு, போன அளவு என்று தேதி போட்டு எழுதுவாள். அடுத்த பொங்கல் லீவு முடிந்து பிள்ளை கிளம்புகிற அன்று சின்னசாமியே கூட்டிக்கொண்டு வந்தான். இத்தனை அளவு எதற்கு அக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். ராணியம்மாள் மிஷினை நிறுத்தினாள்.

"வரும்போதும் அளக்கறேன், போவும்போதும் அளக்கறேன் தம்பி. வித்தியாசம் இருந்தா நோட்டுல ஏறும். பன்னெண்டு வருஷத்து நோட்டு எங்கிட்ட இருக்குது."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. நோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். அன்று நாங்கள் டீ வாங்கிக் குடித்தோம். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். ஆர்த்தியின் பக்கத்தில் அதற்கப்புறம் ஐந்தாவது வரி விழவே இல்லை.

வேதா அதிலிருந்து கடைக்கு வருவதை விட்டுவிட்டாள். துணியோடு பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுத்தனுப்புவாள். அளவு ஜாக்கெட் வைத்துத் தைப்பது ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். படுக்கையில் மாமியார், வேலை ஜாஸ்தி, வர நேரமில்லை என்று நாங்களே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டோம். ராணியம்மாள் அந்தப் பழைய ஜாக்கெட்டை மேஜையில் விரித்து அளந்து, 'மாற்றம் இல்லை' என்று எழுதுவாள். துணியை அளந்தால் துணியின் அளவுதானே வரும். பிள்ளையின் பக்கம் சுத்தமாக இருக்கிற சந்தோஷத்தில் தாயின் பக்கத்தில் ஆள் இல்லாததை நாங்கள் கவனிக்கவே இல்லை. ஒன்றரை வருஷம் இப்படிப் போனது.

இரண்டாயிரத்து நாலு ஆனியில் காசியம்மாள் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை வேதா கடைப் படியேறி வந்தாள். கையில் ஒரு பை. சாவு வீட்டில்கூட முக்காடு போட்டு மூலையில் உட்கார்ந்திருந்தவளைக் கிட்டத்தில் பார்த்தபோது எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. அளவெடுக்கச் சொன்னாள். ராணியம்மாள் டேப்போடு போனாள். இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. காலர் எலும்பு உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. முதுகில் நான் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டாம்.

ராணியம்மாள் நோட்டைப் பிரித்தாள். 'கை தூக்க வரவில்லை. கைக்குழி லூசா வை' என்று எழுதத் தொடங்கினாள். பாதியில் பேனா நின்றது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை மாமியாரின் பக்கத்தில் எழுதியவள் அவள். மிஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பினாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"புள்ளைய மட்டும் அளந்தேனே வேதா. உன்ன விட்டுட்டேனே."

"நீங்க அளந்ததாலதான் அவ மேல கை படல," என்றாள் வேதா. "அழாதீங்க. தேதி போட்டு எழுதுங்க. காரணத்த இந்த வாட்டி நானே சொல்றேன்."

ராணியம்மாள் நோட்டை என் பக்கம் தள்ளினாள், நான்தான் எழுதினேன். வேதா தாளில் இருந்த முப்பத்தொன்றுக்கும் ஒவ்வொன்றாக உண்மையான காரணத்தைச் சொன்னாள். குழம்பில் உப்பு. கடையில் யாரோ எதிர்த்துப் பேசியது. அம்மா வீட்டிலிருந்து போன். ஒன்றுமே இல்லாமலும் சில. எதால் அடித்தான், யார் குறுக்கே வந்தார்கள் என்று எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. மகள் மறைத்த இரண்டையும் பிறகு அவளிடமே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். அப்புறம் எங்கள் நோட்டில் இல்லாத ஒன்றரை வருஷத்தைச் சொன்னாள். அதற்கு மட்டும் இரண்டு பக்கம் ஆனது. ஒரு மணிக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ். நாங்கள் இரண்டு பேரும் போய் ஏற்றிவிட்டு வந்தோம்.

வேதா புகார் கொடுத்தாள், கேஸ் நடக்கிறது. நாலு வருஷமாக நடக்கிறது. ஆர்த்தி நர்சிங் படிக்கிறாள், அரைக்கை சட்டை போடுகிறாள். ராணியம்மாள் சாட்சி சொல்லப் போனபோது, அவன் வக்கீல் நீங்கள் டாக்டரா என்று கேட்டாராம். இல்லை, டெய்லர், அரை இஞ்ச் தப்பாக எழுதினால் என் பிழைப்பே போய்விடும் என்று இவள் சொன்னாளாம். கோர்ட்டில் சிரித்தார்கள் என்று வந்து சொன்னாள். சின்னசாமி இன்னமும் பௌர்ணமிக்கு நீர்மோர் ஊற்றுகிறான். ஜனங்கள் கும்பிட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். அந்த வழியாகப் போனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த முழங்கைக் கை மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. வேதா யாரென்றே தெரியாத பெண்கள் இப்போதும் வந்து வேதா மாதிரி கை வை என்கிறார்கள். ராணியம்மாள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள்.

"ஆசைக்கா, மறைக்கவா?"

முக்கால்வாசிப் பேர் சிரித்துவிடுவார்கள். சிரிக்காமல் நிற்பவள் வந்தால் நான் எழுந்து கடைக் கதவைச் சாத்துவேன்.